உப்பு வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

கோலசிலாங்கூரில் யாரிடமாவது 'மஜீது எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் யோசிக்காமல் கை காட்டுவார்கள். அங்கே போனால் டயர் கடைதான் இருக்கும். பசாராயா மஜீது என்ற பேரங்காடியை மூடி, பெயர்ப் பலகையைக் கழற்றி, உள்ளே டயர் அடுக்கியாகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. "மஜீதுக்கு எதுத்தாப்புல", "மஜீது முக்குல திரும்பு" என்றுதான் இப்போதும் வழி சொல்கிறார்கள்.

அந்தக் கடையின் இரண்டாம் நம்பர் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் பிளோரன்ஸ். உட்கார்ந்தவள் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. முதல் பத்து வருடம் நாற்காலியே கிடையாது. ஒருமுறை முதலாளியின் மனைவி ஹமீதா கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். மறுநாளே எல்லாக் கவுண்டருக்கும் நாற்காலி வந்துவிட்டது.

பிளோரன்ஸ் தோட்டத்துப் பிள்ளை. அப்பா ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த தோட்டத்தை விற்று வீடுகள் கட்டத் தொடங்கியபோது குடும்பம் டவுனுக்கு வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேலை கேட்டு மஜீதுக்குப் போனாள், அன்றைக்கே நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அப்பா போனார், அம்மா போனார். டவுனில் ஓர் அறை வாடகை வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "எங்க லா நேரம்? கவுண்டர்ல வரிசை நின்னுச்சு."

முதலாளி அப்துல் மஜீதின் தகப்பனார் தோப்புத்துறையிலிருந்து கப்பலேறி வந்தவர். மகன் ஜெராமில் ஒரு மளிகைக் கடை போட்டு, ஒருநாள் துணிச்சலாக, வாங்குபவர்களுக்கும் சாமான்களுக்கும் நடுவிலிருந்த மேசையைத் தூக்கி வெளியே வைத்தார். அதுவரை தோட்டத்துப் பெண்கள் கடைக்காரரிடம் கேட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்; கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மஜீது கடையில் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தால் சோப்பை முகர்ந்து பார்க்கலாம், பிஸ்கட் டின்னைத் தூக்கிப் பார்க்கலாம், திரும்பவும் வைத்துவிடலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சுங்கை புரோங் என்று கடை வடக்கே ஏறிக்கொண்டே போனது.

தோட்டங்கள் உள்ளே தள்ளி இருந்ததால் முதலாளி ஒரு வெள்ளை வேன் வாங்கினார். ஞாயிறு மதியம் அது ஆத்தங்கரைத் தோட்டத்துக்குப் போய்ப் பெண்களை ஏற்றி வரும், சாயங்காலம் கொண்டுபோய் விடும். காசு கிடையாது. ஓட்டுநர் காப்ரியலுக்கு இடது காது கேட்காது. வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

கொஞ்ச நாளில் டவுன்காரர்கள் சிலரும் ஓசியில் தொற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலாளியின் மகன் ஜியாவுதீன் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்திருந்தான். வந்ததும் ஒரு சட்டம் போட்டான்: திரும்பிப் போகும்போது அன்றைய பில் காட்டினால்தான் வேனில் ஏறலாம். பில்லில் 'வேன்' என்று முத்திரை குத்துவது பிளோரன்ஸின் பொறுப்பு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பு விற்க ஆரம்பித்தது. கொஞ்ச நஞ்சமில்லை. ஜியாவுதீன் கம்ப்யூட்டரில் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் அரிசி பின்னால், எண்ணெய் பின்னால், உப்பு முன்னால். தோட்டத்தில் யாரோ கருவாட்டு வியாபாரம் தொடங்கிவிட்டார்கள் என்று அவனாகவே முடிவு செய்தான். லோரி வைத்து உப்பு இறக்கி, வாசலிலேயே மலை போலக் குவித்தான். முதலாளியோ வேன் நிறைய ஆள் வருவதைப் பார்த்துப் பூரித்துப் போனார். சிகிஞ்சானில் ஒன்று, சுங்கை புசாரில் ஒன்று, கடைசியாக சுங்கை ஆயர் தாவாரில் ஒன்று என்று மேலும் மூன்று கடைகளைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேன். எல்லாவற்றிலும் வாசலில் உப்பு மலை.

பிளோரன்ஸுக்கு அந்த உப்பைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. தோட்டத்தில் வெயிலில் வேலை செய்பவர்கள், குழம்பில் கொஞ்சம் கூடவே போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் காத்திருந்தது ஆத்தங்கரையிலிருந்து வேனில் வரும் பதினோரு பெண்களுக்காக. அம்சவள்ளி வந்ததும் வராததுமாக மோகனாவின் புடவையைப் பற்றி ஏதாவது சொல்வாள், மோகனா பதில் சொல்வாள், பிரேமலா ஐஸ்கிரீம் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். மூன்று மணி நேரம் கடையே கலகலவென்று இருக்கும். ஆறு மணிக்கு வேன் கிளம்பும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதினோரு கைகள் ஆடும், இந்தப் பக்கம் இவள் கை ஆடும். அதற்கப்புறம் கடையைக் கூட்டிப் பெருக்கி, தனியாக அறைக்குப் போக வேண்டும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பிளோரன்ஸ் வெறுத்தாள். ஒரே ஒரு தடவையாவது அந்த வேனில் தானும் ஏறிவிட வேண்டும் என்று இருபது வருடமாக ஆசைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை கவுண்டரை விட்டு எங்கே போவது?

பிறகு பெரிய பெரிய அங்காடிகள் வந்தன. முக்குக்கு முக்கு சின்னக் கடைகளும் வந்தன. மஜீதின் கிளைகள் வடக்கிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு தெற்கே இறங்கின. நோய்க்காலம் முடிந்தபோது கோலசிலாங்கூர் கடை ஒன்றுதான் மிச்சம். டிசம்பரோடு அதையும் மூடுவதாக முதலாளி சொன்ன அன்று பிளோரன்ஸ் அழவில்லை. வேலை போவது பெரிய விஷயமில்லை, கை கால் நன்றாக இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். அந்தப் பதினோரு பேர் போய்விடுவார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கடை மூடப்போகும் செய்தியை நேரில் சொல்வதற்காக அவள் பஸ் ஏறி ஆத்தங்கரைக்குப் போனாள். வருடக்கணக்காகப் பழகியும், அவர்கள் குடியிருக்கும் அந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அம்சவள்ளி வீட்டில் நாற்காலி போட்டார்கள், மீலோ கலக்கினார்கள். குனிந்து கைப்பையைக் கீழே வைத்தபோது கட்டிலுக்கு அடியில் பிளோரன்ஸின் கண் போனது. சுவரோடு சுவராக உப்பு பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன.

"என்னாக்கா இது? கடை வெக்கப் போறீங்களா?"

"எல்லாம் ஒங்க கடை உப்புதான்" என்றாள் அம்சவள்ளி. "மோகனா வீட்டுல வந்து பாரு, அலமாரியில துணி வெக்க எடம் இல்ல."

"இவ்ளோ உப்பு எதுக்குக்கா?"

"பில்லு இல்லாம வேன்ல ஏத்தமாட்டீங்கல்ல. உப்புதான் வெல கம்மி, கெட்டும் போவாது. ஊட்டுச் சாமானெல்லாம் அவரு மோட்டார்ல போயி வாங்கியாந்துருவாரு."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

அம்சவள்ளி அவளை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "ஏர்கோன்ல நிக்கலாம். நாலு பேரப் பாக்கலாம். ஒங்கிட்ட பேசலாம். கடைக்குப் போறேன்னு சொன்னா ஊட்டுல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. சும்மா போயிட்டு வரேன்னு சொல்லிப் பாரு, விடுவாங்களா?"

பிளோரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமாக அவள் அவர்களுக்காகக் காத்திருந்தாள். அவர்களோ இவளைப் பார்ப்பதற்காக உப்பு வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை நேராக முதலாளியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

அப்துல் மஜீதுக்கு எழுபத்தாறு வயது. கேட்டு முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட அல்லாவே! அப்ப நான் உப்ப நம்பியா மூணு கட தொறந்தேன்? டேய் ஜியா, கருவாட்டு யாவாரம்னு சொன்னியேடா!"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வாப்பா காட்டுச்சு" என்றான் ஜியாவுதீன். அவனுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. அப்பாவுக்கு முன்னால் இன்னும் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரிதான் நின்றான்.

"போவட்டும்டா. அந்தப் பொம்பளைங்க சந்தோசமா இருந்தாங்கல்ல? அது போதும்" என்றார் முதலாளி. அதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

கடைசி நாளன்று வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கடையிலுள்ள பொருள்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சம்பளமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இது தன் ஞாபகமாக என்றார். ஒருவர் ஐஸ்கிரீம் பெட்டியைக் கேட்டார், ஒருவர் ஏர்கோனைக் கேட்டார், ஒருத்தி ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

"ஒனக்கு என்னம்மா வேணும் பிளோரன்ஸ்?"

"வேன் வேணும் மொதலாளி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிளோரன்ஸுக்குச் சைக்கிளில் போனாலே கை நடுங்கும் என்பது கடை முழுக்கத் தெரிந்த விஷயம். காப்ரியலும் மகள் வீட்டோடு இருக்க கிள்ளானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "யாரும்மா ஓட்டுவா?" என்றார் முதலாளி. "நாந்தான்" என்றாள் பிளோரன்ஸ். சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. முதலாளி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பேர் மாற்றும் பாரங்களில் கையெழுத்துப் போட்டார்.

வாடகை வீட்டு வாசலில் வேனை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க விடமாட்டார்கள். காப்ரியல் அதைக் கடைசியாக ஒருமுறை ஓட்டி, ஆத்தங்கரை லயத்தில் அம்சவள்ளி வீட்டு மாமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனார். அம்சவள்ளியின் கணவர் ரவீந்திரனுக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். "அவரு ஓட்டிப் போறதுக்கு நடந்தே போயிரலாம் லா" என்று பெண்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் அவருக்குக் கிடைத்தது.

பிளோரன்ஸ் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேரும்போதே ஞாயிறு லீவு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வார நாளில் மகேந்திரன் என்பவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மேட்டில் ஏற்றி நிறுத்துவது, பின்னால் எடுப்பது எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. சாலைச் சந்திப்பில் பிளோரன்ஸ் நின்றால் நின்றதுதான். வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டாள். முதல் சோதனையில் இருபத்து மூன்று வண்டிகளுக்கு வழிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி எண்ணிச் சொன்னார். இரண்டாவது சோதனையில் எண்ணுவதையும் அவர் விட்டுவிட்டார். மூன்றாவதும் அங்கேயே போனது.

"அக்கா, இது கவுண்டர் இல்ல" என்றார் மகேந்திரன், தலையில் கை வைத்துக்கொண்டு. "இங்க வரிசை முடியவே முடியாதுக்கா. இருட்டுற வரைக்கும் வண்டி வந்துகிட்டேதான் இருக்கும்."

அவளும் என்ன செய்வாள்? வரிசையில் ஒருவர் நிற்கும்போது கவுண்டரை விட்டு நகரக்கூடாது என்று இருபத்தாறு வருடம் பழகிய உடம்பு அது.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோய்விட்டன என்று நினைக்காதீர்கள். மூன்று மணியானதும் பிளோரன்ஸ் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பதினோரு பேரும் தலை வாரி, பூ வைத்து, மரத்தடியில் நிற்கிற வேனில் ஏறி அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பிளோரன்ஸ் ஓட்டுநர் இருக்கையில். கிளட்சை மிதிப்பாள், கியரை மாற்றுவாள். வேன் அசையாது.

"இன்னிக்கு எங்க போறோம்?" என்பாள் பிரேமலா.

"பினாங்கு."

"அவ்ளோ தூரமா? அப்ப நான் ஒருக்கா தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்."

முறுக்கு கைமாறும், சண்டை நடக்கும், ரவீந்திரன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவார். லயத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இவர்கள் கேமரன்மலை, லங்காவி என்று நிற்கிற வேனில் ஊர் ஊராகப் போய்வந்தார்கள்.

ஆனால் மூன்றாவது தோல்விக்குப் பிறகு பிளோரன்ஸின் முகம் விழுந்துவிட்டது. ஏழு மாதமாகிவிட்டது. எத்தனை நாளைக்குத்தான் நிற்கிற வண்டியில் உட்காருவார்கள்? இரண்டு பேர் போன வாரம் வரவில்லை. மெல்ல மெல்ல எல்லோரும் நின்றுவிடுவார்கள், பழையபடி அறையும் தானும்தான் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதை மறைக்காமல் அம்சவள்ளியிடம் சொன்னாள்.

"ரோட்டுல வர்றவன் ஒனக்கு யாரு?" என்றாள் அம்சவள்ளி, பின் இருக்கையிலிருந்து. "ஒரு பாக்கெட் உப்பாவது ஒங்கிட்ட வாங்கியிருப்பானா? அவனுக்கெல்லாம் நின்னு வழிவிடுற. இங்க பதினோரு பேரு ஒம் பின்னாலயே ஒக்காந்திருக்கோம். நாங்க வரிசை இல்லியா? எங்கள மொத அனுப்பு லா."

நான்காவது சோதனை ஒரு புதன்கிழமை காலை. சந்திப்பு வந்தது. ஒரு லோரி போனது, வழிவிட்டாள். ஒரு கார் போனது, வழிவிட்டாள். அடுத்த கார் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் ஒருவரும் இல்லைதான். ஆனாலும் பிளோரன்ஸுக்குப் பதினோரு பேர் கூடையோடு காத்திருப்பது தெரிந்தது. "வாங்கக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சோதனை முடிந்ததும் அவர் தாளில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகேந்திரன் அன்று தன் செலவில் அவளுக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். தந்தது சந்தோஷத்திலா, நிம்மதியிலா என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு வேன் மாமரத்தடியை விட்டு நகர்ந்தது. நகர்ந்ததும் எல்லோரும் முன் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மோகனா அம்சவள்ளியின் கையையே பிடித்துக்கொண்டாள். செம்மண் பாதை முடிந்து பெரிய சாலை வந்தது. வலது பக்கம் போனால் கோலசிலாங்கூர், கடைகள், ஏர்கோன். இத்தனை வருடமும் இந்த வேன் அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

"எங்கக்கா போவணும்?" என்று பிளோரன்ஸ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"கடைக்கு மட்டும் வேணாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வீட்டுல உப்பு வெக்க எடம் இல்ல."

பிளோரன்ஸ் இடது பக்கம் சிக்னல் போட்டாள். வேனுக்குள் எழுந்த கூச்சல் சாலையோரம் இளநீர் விற்றவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெராம் கடற்கரையில் கடல் பின்வாங்கிச் சேறாகக் கிடந்தது. அதனால் என்ன? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சுட்ட மீன் தின்றார்கள். பிரேமலா செருப்பைச் சேற்றில் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு படம் எடுத்துக்கொண்டாள். பிளோரன்ஸை யாரும் எதற்கும் எழுந்திருக்க விடவில்லை. மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தாள் மோகனா, நண்டை உடைத்துக் கொடுத்தாள் அம்சவள்ளி. கடையில் சேர்ந்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், அவள் முதல்முறையாக ஒரு ஞாயிறு மதியத்தை வெயிலில் கழித்தாள்.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினார்கள். வேன் மரத்தடியில் நின்றது. பதினோரு பேரும் இறங்கினார்கள். பிளோரன்ஸ் கதவைப் பூட்டினாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள், போய்ட்டு வரேன் என்று எல்லோருக்கும் கையாட்டிவிட்டு நடந்தாள். லயத்து முன்னால் கால்வாய்மேல் போட்டிருந்த பலகையை அவள் தாண்டும்வரை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அம்சவள்ளியால் அடக்க முடியவில்லை.

"எங்கடி போற?"

"பஸ்ஸுக்கு. ஆறரை பஸ்ஸ விட்டா அப்புறம் கிடையாதுக்கா."

"கையில என்னா வெச்சிருக்க?"

பிளோரன்ஸ் கையைப் பார்த்தாள். வேன் சாவி. லயமே சிரித்தது. ரவீந்திரன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று கண்ணீர் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிப் பழகியவளுக்கு, இனி மணியைப் பார்த்து யாரிடமும் விடைபெற வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அழுதுகிட்டு நிக்காத, உள்ள வா" என்றாள் அம்சவள்ளி. "கொழம்பு கூட்டணும். நீயே வந்து உப்பு போடு."

பிளோரன்ஸ் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பலகையில் திரும்பி நடந்தாள். தூரத்தில் ஆறரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.